மலாக்காவுக்கு இரண்டு நாள்: சுங்கை சிப்புட் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட் தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். சுல்தான்கள் ஆண்ட பழைய தலைநகர், பாடப்புத்தகத்தில் படித்த ஊர், பிள்ளைகளுக்கு ஒரு தடவை காட்டிவிடலாம் என்று கிளம்புவார்கள். கேட்கும் சந்தேகங்கள் வருடா வருடம் ஒன்றுதான். அவர்கள் கேட்டது கேட்டபடியே கீழே இருக்கிறது.

காலையில போயிட்டு ராத்திரி திரும்பிடலாமா? ஒரு நாள் பத்தாதா?

பத்தாது. இங்கிருந்து மலாக்கா ஏறக்குறைய 380 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தாலே நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். போய்வர பத்து மணி நேரம் வண்டியிலேயே கழிந்தால், வெயில் உச்சியில் இறங்கி, சிவப்புக் கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புவதுதான் நடக்கும். அதற்கு ஈப்போவிலேயே சுற்றலாம்.

ஓர் இரவு தங்கினால் போதும். பார்க்க வேண்டியவை பெரும்பாலும் ஆற்றின் இரு கரையிலும் நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. மூன்றாவது நாள் வேண்டும் என்றால் அது ஆயர் குரோ மிருகக்காட்சிசாலைக்கும் நீர்ப் பூங்காவுக்கும்தான். பழைய நகரத்துக்கு இரண்டு நாள் தாராளம்.

எந்தக் கிழமை போனா நல்லது?

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டு சனிக்கிழமை திரும்புவது எல்லாவற்றிலும் வசதி. ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் மட்டும்தான். வெள்ளி இரவில் கூட்டம் இருக்கும், ஆனால் சனிக்கிழமை மாதிரி தோளோடு தோள் இடிக்காது. அறை வாடகையும் பல இடங்களில் சனிக்கிழமையைவிடக் குறைவு.

ஞாயிறு போய்த் திங்கள் திரும்பும் திட்டம் மட்டும் வேண்டாம். அரசு அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும். வேறு நாளே கிடைக்காதவர்களுக்குக் கடைசிக் கேள்வியில் வழி சொல்லியிருக்கிறது.

கார்ல போனா எந்த வழி? எல்லாரும் ஆயர் குரோவுலதான் இறங்கணும்னு சொல்றாங்க.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, கோலாலம்பூர் நகருக்குள் நுழையாமல், புக்கிட் லஞ்சானில் பிரிந்து ஷா ஆலாம், நீலாய் வழியாகச் சிரம்பானைப் பிடியுங்கள். வேலை நாளில் காலை ஐந்து மணிக்குள் கிளம்பினாலும் தலைநகரைச் சுற்றி நெரிசல் இருக்கத்தான் செய்யும். அதைத் தாண்டிய பிறகு எங்காவது ஓய்விடத்தில் நிறுத்திப் பசியாறுவது நல்லது. முன்னாலேயே நிறுத்தினால் நெரிசல் இன்னும் கூடியிருக்கும்.

ஆயர் குரோவில் இறங்குவது நேர்வழிதான். ஆனால் நீண்ட வார விடுமுறையில் அந்த டோலிலிருந்து நகரம் வரைக்கும் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். வடக்கிலிருந்து வருபவர்களுக்கு அதற்கு முன்பே சிம்பாங் அம்பாட் டோல் வருகிறது. அங்கே இறங்கி அலோர் காஜா வழியாகப் போனால் முப்பது கிலோமீட்டர் சொச்சம். சாதாரண நாளில் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, விடுமுறை நாளில் நிறையவே மிச்சமாகும். டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் போகவும் வரவும் போதுமான பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

கார் இல்ல. பஸ்ஸா, ரயிலா?

ஈப்போ அமான் ஜெயா நிலையத்திலிருந்து மலாக்கா சென்ட்ரலுக்கு நேர் பேருந்து உண்டு. நடுவில் மாற வேண்டியதில்லை என்பதால் வயதானவர்களுக்கு இதுதான் நல்லது. ரயிலில் போக ஆசைப்படுகிறவர்கள் சுங்கை சிப்புட் நிலையத்திலேயே ஈ.டி.எஸ். விரைவு ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து கொமுட்டர் புறநகர் ரயிலில் பண்டார் தாசிக் செலாத்தான் போனால், நடைபாலத்துக்கு அந்தப் பக்கமே டி.பி.எஸ். பேருந்து நிலையம். அங்கிருந்து மலாக்கா இரண்டு, இரண்டரை மணி நேரம்.

ரயில் நேராக மலாக்கா நகருக்குப் போகாது. ‘தம்பின்’ என்று போட்டிருக்கும் புலாவ் செபாங் நிலையம்தான் கிட்டத்தில் உள்ளது. கிட்டத்தில் என்றாலும் நகரத்துக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே இறங்கிவிட்டு வண்டி தேடித் திண்டாடுகிறவர்கள் நிறைய. மலாக்கா சென்ட்ரலும் நகர நடுவில் இல்லை. சிவப்புக் கட்டடச் சதுக்கத்துக்கு இன்னும் நாலைந்து கிலோமீட்டர். தனி ஆள் என்றால் நகரப் பேருந்து, நாலு பேர் என்றால் கிராப் வாடகைக் கார்.

வேனை எங்க நிறுத்துறது?

காரோ வேனோ, டத்தாரான் பாலாவான் அல்லது மக்கோத்தா பரேட் கடைத்தொகுதியில் விட்டுவிடுங்கள். உயரமான வேன் என்றால் கீழ்த்தளத்துக்குள் நுழையும் முன் உயர அளவுப் பலகையைப் பாருங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழைய தெருக்களுக்குள், வண்டியைக் கொண்டுபோகவே வேண்டாம். எல்லாம் குறுகலான ஒருவழிப் பாதைகள். ஒரு திருப்பத்தை விட்டால் முழுச் சுற்று சுற்றித்தான் வர முடியும். சந்தை நாளில் மாலை ஆறு மணி வாக்கில் ஜோங்கர் தெருவையும் அடைத்துவிடுவார்கள்.

தங்குறதுக்கு எந்தப் பக்கம் பார்க்கணும்?

கடைத்தொகுதிகள் இருக்கும் பக்கம் அல்லது பண்டா ஹிலிர். கோட்டை, மலை, ஆறு எல்லாமே அங்கிருந்து நடைதூரம். விளம்பரத்தில் ‘மலாக்கா’ என்று போட்டுவிட்டு ஆயர் குரோவிலோ குளேபாங்கிலோ இருக்கும் ஹோம்ஸ்டேக்கள் ஏராளம். வாடகை மலிவுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் வண்டி எடுக்க வேண்டும், நிறுத்த இடம் தேட வேண்டும். முன்பதிவு செய்வதற்கு முன் வரைபடத்தில் சிவப்புக் கட்டடச் சதுக்கத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துவிடுங்கள். ஒன்றரைக்குள் இருந்தால் சரி.

போன உடனே எதை முதல்ல பார்க்கிறது? எல்லாம் ஒரே இடத்துல இருக்கிற மாதிரி குழப்பமா இருக்கே.

வெள்ளிக்கிழமை போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிடும். அந்த நேரத்தில் மலையேறாதீர்கள். சாப்பிட்டுவிட்டு, கூரைக்கு அடியில் பார்ப்பவற்றை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கட்டடத்து அருங்காட்சியகம், அல்லது ஆற்றோரம் பெரிய மரக்கப்பல் வடிவில் நிற்கும் கடல்சார் அருங்காட்சியகம். அந்தக் கப்பல் 1511-ல் மலாக்காவில் அள்ளிய செல்வத்தோடு போய் சுமத்ரா கரையோரம் மூழ்கிய போர்த்துகீசியக் கப்பலின் மாதிரி. மாலை ஐந்து மணிக்கு மேல் ஆற்றைத் தாண்டிக் கோயில் தெரு (துக்காங் எமாஸ் தெரு, கீழே வருகிறது), இருட்டிய பிறகு சந்தை, கடைசியாகப் படகு.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே சதுக்கத்தில் இருங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்வதற்கு முன் கிடைக்கும் நேரம் அதுதான். சிவப்புக் கட்டடத்தின் பக்கவாட்டுப் படிகளில் செயின்ட் பால் மலைக்கு ஏறி, உச்சியில் கூரையில்லாத தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாக இறங்கினால் கோட்டை வாசலில் வந்து நிற்பீர்கள். வாசலுக்குப் பக்கத்திலேயே மரத்தால் கட்டிய சுல்தான் அரண்மனை, சுதந்திரப் பிரகடன நினைவகம். பதினொன்றரைக்குள் முடிந்துவிடும். இதையே தலைகீழாக, கோட்டையிலிருந்து ஆரம்பித்தால், செங்குத்தான பக்கத்தில் ஏற வேண்டிவரும், வெயிலும் ஏறியிருக்கும்.

அரண்மனை அசல் இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சுல்தான் மன்சூர் ஷா காலத்து அரண்மனையைப் பற்றிப் பழைய மலாய் வரலாற்றுக் குறிப்பில் உள்ள வருணனையைப் பார்த்து 1980-களில் கட்டியது. காலணியை வெளியே கழற்ற வேண்டும்.

சிவப்புக் கட்டடம் ஆரம்பத்துலேர்ந்தே சிவப்பா? உள்ள போகணுமா, வெளிய படம் எடுத்தா போதுமா?

டச்சுக்காரர்கள் 1650 வாக்கில் தங்கள் ஆளுநருக்காகக் கட்டியது. அப்போது வெள்ளை. சிவப்பு பிரிட்டிஷ் காலத்தில் பூசியது. பக்கத்துத் தேவாலயம் 1753-ல் முடிந்தது. டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்த 1641-ன் நூற்றாண்டு நினைவாக ஆரம்பித்த வேலை அது. மணிக்கூண்டு இன்னும் பிந்தியது, 1886. மூன்றையும் ஒரே நிறமாகப் பார்த்துவிட்டு எல்லாம் ஒரே காலம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் உள்ளே போங்கள், ஒரு மணி நேரம் போதும். சின்னக் குழந்தைகள் என்றால் காசு வீண். தேவாலயத்தில் தலையைத் தூக்கி உத்தரங்களைப் பாருங்கள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒவ்வொன்றும் ஒரே மரம், ஒட்டு கிடையாது. வழிபாட்டு நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள். ஞாயிறு காலை அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

கோட்டைய 1511-ல கட்டினதுன்னு புத்தகத்துல இருக்கு. வாசல் மேல 1670னு செதுக்கியிருக்கே? எது சரி?

இரண்டும் சரி. போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் 1511-ல் மலாக்காவைப் பிடித்த கையோடு கோட்டையை ஆரம்பித்தார். 1641-ல் டச்சுக்காரர்கள் முற்றுகையிட்டு எடுத்தபோது கோட்டைக்குச் சேதம். பழுது பார்த்துவிட்டுத் தங்கள் சின்னத்தையும் 1670 என்ற ஆண்டையும் வாசல் மேல் பதித்தார்கள். அண்ணாந்து பார்த்தால் வளைவுக்கு மேலே புடைப்புச் சிற்பமும் வி.ஓ.சி. என்ற எழுத்துகளும் தெரியும். நம் கப்பலோட்டிய தமிழர் அல்ல, டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி.

பிள்ளைகள் அடுத்துக் கேட்பது, கோட்டை எங்கே, வெறும் வாசல்தானே நிற்கிறது என்று. 1807-ல் பிரிட்டிஷார் வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஊரைத் திரும்ப டச்சுக்காரர்களிடம் கொடுக்க நேர்ந்தால் கோட்டை அவர்கள் கைக்குப் போகக்கூடாது என்று கணக்குப் போட்டார்கள். மிஞ்சியது இந்த ஒரு வாசல். முன்பு கடல் இதன் அருகிலேயே இருந்தது. இப்போது கடைத்தொகுதிகள் நிற்கும் இடமெல்லாம் பின்னாளில் மண் கொட்டி மேடாக்கியது. இதைச் சொல்லாவிட்டால், கடலே கண்ணில் படாத இடத்தில் எதற்குக் கோட்டை என்று யாருக்கும் விளங்காது.

சுல்தான் காலத்துலேயே நம்ம ஆளுங்க அங்க இருந்தாங்களாமே? அதுக்கு அடையாளம் ஏதாவது மிச்சம் இருக்கா?

ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களுக்கு நானூறு வருடம் முன்பே சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர்கள் அங்கே வந்து வீடு வாசலோடு இருந்தார்கள். அரசவையிலும் செல்வாக்கு. சுல்தான் மாமுட் காலத்தில் பெண்டஹாராவாக, அதாவது முதலமைச்சராக, இருந்த துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வழி வந்தவர். போர்த்துகீசியர் வந்த பிறகு நினா சாத்து என்ற இந்து வணிகரைப் பெண்டஹாரா பதவியில் வைத்தார்கள். 1514-ல் அந்தப் பதவியைப் பறித்தபோது அவர் தீ மூட்டி உயிரை விட்டார் என்று போர்த்துகீசியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்துக் கட்டடம் எதுவும் நிற்கவில்லை. இன்று கண்ணால் பார்க்கக் கிடைப்பது துக்காங் எமாஸ் தெருவில் உள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். டச்சு ஆட்சியில், தைவநாயகம் சிட்டிக்குக் கொடுத்த நிலத்தில் 1781-ல் எழுந்தது. நாட்டில் இன்றும் பூசை நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. பத்துமலையை மனதில் வைத்துப் போனால் சின்னதாகத் தெரியும். தெருவோடு ஒட்டி, கடை வீடுகளுக்கு நடுவே நிற்கும். ஜோங்கர் தெருவில் முறுக்கும் தேங்காயும் வாங்கிக்கொண்டு திரும்பும் நம் குடும்பங்களில் பாதிப் பேர், இரண்டு நிமிட நடையில் இது இருப்பது தெரியாமலே போகிறார்கள். மற்ற கோயில்களைப் போல மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால்தான் மேலே மாலை நேரத்தில் வைத்தோம்.

அதே தெருவில் சில அடி தள்ளி கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1748-ல் மரத்தால் எழுப்பி 1872-ல் செங்கல்லால் மாற்றியது. மினாராவைப் பாருங்கள், சீனப் பகோடா மாதிரி இருக்கும். இன்னும் கொஞ்சம் நடந்தால் பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கிய செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றுக்கும் அனுமதி இலவசம். முட்டிக்கு மேல் ஏறிய காற்சட்டை மட்டும் வேண்டாம்.

மலாக்கா சிட்டி கிராமத்துக்குப் போலாமா? அவங்களோட தமிழ்ல பேசலாமா?

காஜா பெராங்கில் இருக்கிறது, சதுக்கத்திலிருந்து கிராபில் பத்து நிமிடம் போல. முந்தைய பதிலில் சொன்ன வணிகர்கள் இங்கத்துப் பெண்களை மணந்து உருவான சமூகம்தான் சிட்டிகள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனையும் விநாயகரையும். பெண்கள் உடுத்துவது கெபாயா. போகியன்று முன்னோர்க்குப் படையல் போடுவார்கள். சிறிய அருங்காட்சியகமும் முத்துமாரியம்மன் கோயிலும் பார்க்கலாம்.

தமிழில் பேசிப் பார்த்துவிட்டு, “என்ன, தமிழ் தெரியாதா?” என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வியை அவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர்கள். மலாயில் வணக்கம் சொல்லிப் பேசுங்கள், அன்பாகச் சொல்வார்கள். அது மக்கள் குடியிருக்கும் இடம், வீட்டு முற்றத்துக்குள் புகுந்து படம் எடுக்கும் வேலை வேண்டாம். சித்திரை, வைகாசி வாக்கில் டத்தோ சாச்சார் எனப்படும் மாரியம்மன் திருவிழா நடக்கும் சமயம் போனால் கிராமமே கோலாகலமாக இருக்கும்.

பாட்டிக்கு முட்டி வலி. மலை ஏற முடியாது. அவங்கள என்ன பண்றது?

மலையை விட்டுவிடுங்கள். ஒருவர் பாட்டியோடு கோட்டை வாசல் பக்கம் நிழலில் உட்கார்ந்துகொள்ளட்டும், மற்றவர்கள் ஏறி இறங்கி அங்கேயே வந்து சேர்ந்துகொள்ளலாம். கப்பல் அருங்காட்சியகத்திலும் ஏணி மாதிரி செங்குத்தான படிகள், அதுவும் வேண்டாம். பாட்டிக்கு ஏற்றவை படகு, சுழல் கோபுரம், கோயில் தெரு. பேச்சாவில் (மூன்று சக்கர மிதிவண்டி) ஏற்றி ஒரு சுற்றும் காட்டலாம்.

பேச்சாவுக்கு எவ்வளவு கேப்பாங்க? ஏமாத்திடுவாங்களா?

ஏறுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். விலை வண்டிக்கா, ஆளுக்கா? எத்தனை நிமிடம்? எந்த இடங்கள்? வாக்குவாதம் வருவதெல்லாம் இந்த மூன்றில் ஒன்றைக் கேட்காமல் ஏறியதால்தான். ஒரு பேச்சாவில் பெரியவர்கள் இரண்டு பேர், மடியில் ஒரு குழந்தை. பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள்.

படகுச் சவாரி பகல்லயா, ராத்திரியா?

ராத்திரி. ஏறிய இடத்துக்கே திரும்பி வரச் சுமார் 45 நிமிடம். பகலில் பழுப்பு நிற ஆறும் கட்டடங்களின் பின்புறமும்தான். இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் சுவர் ஓவியங்களும் மொர்த்தென் கிராமத்து மர வீடுகளும் அழகாக இருக்கும். வரிசை ஏழரையிலிருந்து ஒன்பது வரைதான் நீளம். சந்தையை முதலில் முடித்துவிட்டு ஒன்பதரைக்குப் போங்கள்.

சுத்துற கோபுரம் ஏறணுமா?

தாமிங் சாரி கோபுரம் 110 மீட்டர், பார்வையாளர்கள் ஏறுவது 80 மீட்டர் வரை. ஏழு நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பெரியவர்களுக்கு அவசியமில்லை. கோபுரத்துக்குக் கடைக்கால் தோண்டியபோதுதான், 2006-ல், பழைய கோட்டையின் கொத்தளம் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தைத் தள்ளிக் கட்டினார்கள். கொத்தளத்தை மறுபடி எழுப்பி ஆற்றோரம் வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்கக் காசு இல்லை.

கோபுரம், படகு, அருங்காட்சியகம் எல்லாவற்றிலும் மலேசியர்களுக்குத் தனி விலை உண்டு. அடையாள அட்டைகளான மைகாட்டும் பிள்ளைகளின் மைகிட்டும் கையில் இருக்கட்டும்.

நாங்க சைவம். அங்க என்ன சாப்பிடுறது? மாட்டிறைச்சியும் பார்க்கணும்.

லிட்டில் இந்தியா, அதாவது பெண்டஹாரா தெருவும் தெமெங்கோங் தெருவும், நடக்கும் தூரம்தான். வாழையிலைச் சாப்பாடு அங்கே கிடைக்கும். ஞோஞ்யா (சீன மலாய் கலப்புச் சமையல்) உணவில் காய்கறிக் குழம்பு என்று எழுதியிருந்தாலும் பெலாச்சான் என்ற இறால் விழுதோ காய்ந்த இறாலோ அரைத்துச் சேர்த்திருப்பார்கள். ‘இறைச்சி இல்லையா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ‘உடாங் கெரிங், பெலாச்சான் இருக்கா’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சாத்தே செலுப் கடையில் குச்சியில் குத்தியதை எல்லாம் ஒரே கடலைக் குழம்புச் சட்டியில்தான் முக்குவார்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் தட்டில் என்ன எடுத்தோம் என்பதோடு, சட்டி புதிதா என்றும் கேட்க வேண்டும். செண்டோலுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. தேங்காய்ப்பால், தென்னை வெல்லம், பச்சை மாவு இழை, ஐஸ். வெல்லப்பாகு கெட்டியாகக் கறுத்து மெதுவாக வழிந்தால் நல்ல கடை.

மிதக்கும் பள்ளிவாசலைப் படத்துல பார்த்தோம். நேர்ல போனா தூண் எல்லாம் தெரியுது, ஏன்?

அலை இறங்கிய நேரத்தில் போயிருப்பீர்கள். கடலுக்குள் தூண் ஊன்றிக் கட்டியது அது. அலை ஏறினால்தான் மிதப்பது போலத் தெரியும், இறங்கினால் தூணும் சேறும்தான். கைப்பேசியில் மலாக்காவின் கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துவிட்டு, அது மாலை ஆறு, ஏழு மணியோடு ஒத்துவந்தால் மட்டும் போங்கள். ஒத்துவராவிட்டால் விட்டுவிடலாம். தொழுகை இல்லாத நேரத்தில் உள்ளே விடுவார்கள், அங்கி அங்கேயே தருவார்கள்.

சுதந்திரம் மலாக்காவுலதான் அறிவிச்சாங்கன்னு பையன் சொல்றான். மெர்டேக்கா ஸ்டேடியம் இல்லையா?

பையன் பாதி சரி. லண்டனில் சுதந்திரப் பேச்சு முடிந்து திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான், 1956 பிப்ரவரி 20 அன்று கோட்டை வாசலுக்கு எதிரே இருந்த திடலில், சுதந்திரம் பெறும் தேதியை அறிவித்தார். சுதந்திரப் பிரகடனம் வாசித்தது 1957 ஆகஸ்ட் 31, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில். தேதியை அறிவித்த அந்தத் திடலில்தான் இப்போது டத்தாரான் பாலாவான் கடைத்தொகுதி நிற்கிறது. உங்கள் வேனை நிறுத்தியிருப்பீர்களே, அதே இடம்.

எங்களுக்கு ஞாயிறும் திங்களும்தான் லீவு. அப்ப போகவே கூடாதா?

போகலாம், வரிசையை மாற்றிக்கொண்டால் சரி. ஞாயிறு மதியம் போய் இறங்கியதும், ஐந்து மணிக்குள் மூடும் அரண்மனையையும் சிவப்புக் கட்டடத்தையும் முடித்துவிடுங்கள். அன்று இரவும் சந்தை உண்டு, பத்து மணிக்கு மேல் கடைகளைக் கட்ட ஆரம்பிப்பார்கள். திங்கள் காலைக்குப் பூட்டு இல்லாதவற்றை வையுங்கள்: செயின்ட் பால் மலை, கோட்டை வாசல், கொத்தளம், கோயில் தெரு, சிட்டி கிராமம். ஞாயிறு மாலை ஆயர் குரோ டோலில் நெரிசல் எல்லாம் வெளியே போகும் பக்கம்தான், நீங்கள் அதற்குள் ஊருக்குள் இருப்பீர்கள். திங்கள் மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினால், ஷா ஆலாம் பக்கம் அலுவலகம் விடும் நேரத்துக்கு முன்பே தாண்டிவிடலாம்.